மோகன வர்ணத்தில் நின்றுபோன வயலின் பயிற்சி: திருகோணமலை மாணவி ஒருத்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

இசை ஆசிரியர்களுக்கும், வீட்டில் வாத்தியம் பழகும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். மாணவியும் தாயும் வாசித்துப் பார்த்துச் சம்மதம் தந்திருக்கிறார்கள். யார் என்று அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மாணவிக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் ஆண்டு. வீடு உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். தகப்பன் கட்டாரில் வேலை செய்கிறார். தாய் வீட்டில் தையல் தைக்கிறார். தாயின் தகப்பனும் அவர்களோடுதான் இருக்கிறார். மாணவி சிறு வயதிலேயே என்னிடம் வயலின் பழக வந்தவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளில் ஒவ்வொரு தரமாக எழுதிச் சித்தியடைந்து வந்தாள். செயன்முறையில் எப்போதும் நல்ல புள்ளி எடுப்பாள். அடுத்த தரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய வருடத்தில்தான் பயிற்சி சரியத் தொடங்கியது.

அந்த நேரத்தில் அவள் படித்துக்கொண்டிருந்தது மோகன ராக ஆதி தாள வர்ணம். வர்ணம் என்பது பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி. இந்த விடயத்துக்கு அது முக்கியம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஆரம்பப் பாடங்கள் வரும் வரைக்கும் பிள்ளைக்குக் கிழமைக்குக் கிழமை ஏதோ ஒன்று முடியும். புதுப் பாடம் ஒன்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வர்ணத்துக்கு வந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடும். பல்லவி, அனுபல்லவி, அதைத் தொடரும் முக்தாயி சுரம், சரணம், அதைத் தொடரும் எத்துகடை சுரங்கள், பிறகு முழுவதும் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், என்று மாதக்கணக்கில் ஒரே உருப்படி. வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் எதுவும் முடிந்த மாதிரித் தெரியாது. நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள்தான் இந்த இடத்தில் அதிகம் தளர்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வகுப்பில் தெரிந்தவை

வைகாசி மாதத்திலிருந்து வகுப்புக்குப் பிந்தி வரத் தொடங்கினாள். கேட்டால் ரியூசன், வீட்டுவேலை, தலையிடி என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். காரணங்கள் பொய்யில்லை, ஆனால் போன வருடமும் இதே ரியூசன் இருந்தது.

காரணத்தை விட விரல்கள் தெளிவாகப் பேசின. ஒழுங்காக வாசிக்கும் பிள்ளையின் இடது கை விரல் நுனிகளில் கம்பி அழுத்திய கோடு தெரியும், தோல் தடித்திருக்கும். இவளுடைய விரல் நுனிகள் திரும்ப மெத்தென்று ஆகியிருந்தன. வில் மயிருக்குப் பூசும் ரொசின் கட்டியின் மேல் புதிதாக வில் உரசிய தடமே இல்லை. வில்லின் மயிரைத் தளர்த்தாமல் இறுக்கியபடியே பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

ஆடியில் தாய் வந்தார். “மிஸ், இவள் வயலினைத் தொடுறாளே இல்லை. அப்பா கஷ்டப்பட்டு அனுப்பின காசில வாங்கினது. வித்துப்போட்டு நிப்பாட்டுவமோ எண்டு யோசிக்கிறன்” என்றார். பரீட்சை சித்தியடைந்தால் புதுக் கைத்தொலைபேசி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்ததாகவும், அதற்கும் அசையவில்லை என்றும் சொன்னார்.

மாணவியைத் தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விருப்பமில்லை எண்டில்லை மிஸ். வாசிக்கத் தொடங்கினா எல்லாம் பிழையாத்தான் கேட்குது. முந்தி அப்பிடிக் கேட்கேல்லை” என்றாள்.

அந்தப் பதிலை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். காது கையை விட முந்திப் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கேட்காத சுருதிப் பிசகு இப்போது கேட்கிறது. வாசிப்பு கெட்டுப்போகவில்லை, கேட்கும் திறன் வளர்ந்திருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது ‘நான் மோசமாகிக்கொண்டு போகிறேன்’ என்றுதான் படும். விளக்கம் சொன்னேன், தலையாட்டினாள். விளக்கத்தால் மட்டும் யாரும் மறுநாள் பெட்டியைத் திறப்பதில்லை.

வீட்டில் பார்த்த ஒரு மாலை

தாயின் சம்மதத்தோடு ஒரு மாலை வீட்டுக்குப் போய் விறாந்தையில் இருந்தேன். நான் எதுவும் சொல்லமாட்டேன், வழமையாக எப்படித் தொடங்குவாயோ அப்படியே தொடங்கு என்று சொல்லியிருந்தேன். இந்த நிகழ்வில் எல்லாமே அந்த மாலையில்தான் தெளிந்தது.

வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில், இரண்டு பயணப் பைகளுக்குப் பின்னால் இருந்தது. குனிந்து பைகளை இழுத்து, பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். திறந்தபோது முதற் கம்பியில் திட்டுத்திட்டாகத் துரு. கடற்காற்றுப் படும் வீடுகளில் கம்பியைத் துடைக்காமல் வைத்தால் இது சீக்கிரம் வரும். கைத்தொலைபேசியில் சுருதியைப் போட்டுவிட்டுச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள். கச்சான் காற்று வீசும் காலம் அது. அந்த வறண்ட காற்றில் மரம் சுருங்கும், கம்பியை இறுக்கித் தளர்த்தும் முளையான பிருடை துளைக்குள் பிடிக்காது. இரண்டாம் கம்பியை ஏற்றி, அடுத்ததுக்குக் கை போகும்போது பிருடை ‘டக்’ என்று வழுக்கிக் கம்பி முழுவதும் தளர்ந்தது. திரும்ப ஏற்றினாள். திரும்பவும் வழுக்கியது. பிருடையை உள்ளே தள்ளி அழுத்தித் திருப்ப அவளுக்குப் பயம். முன்பு ஒரு முறை கம்பி அறுந்து கையில் அடித்திருக்கிறது. ஒரு மாதிரி நாலு கம்பியும் சேரும்போது கால் மணித்தியாலம் போய்விட்டது, முகமும் மாறிவிட்டது.

பிறகு வர்ணத்தைப் பல்லவியில் தொடங்கினாள். பல்லவி நன்றாக இருந்தது, அனுபல்லவியும் பரவாயில்லை. முக்தாயி சுரத்தை இரண்டாம் காலத்தில் எடுத்தபோது ஓரிடத்தில் விரலும் வில்லும் ஒன்றுக்கொன்று பிந்தின. நிறுத்திவிட்டுப் பல்லவிக்கே திரும்பிப் போனாள். அதே இடத்தில் அதே தடுக்கல். மறுபடியும் பல்லவி. மூன்றாம் முறை தடுக்கியதும் வில்லைக் கீழே வைத்துவிட்டாள். குசினியிலிருந்து தாய், “இன்னும் அரை மணித்தியாலம் ஆகேல்லை” என்றார்.

பயிற்சி என்று பெயர் கொடுத்த அந்த நேரத்தில் அவள் உண்மையில் படிக்க வேண்டிய இடத்தில் நின்றது ஒன்றிரண்டு நிமிடம்தான். மிச்சமெல்லாம் பிருடையோடு போராட்டமும், ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப வாசிப்பதும். ஒவ்வொரு நாளும் இப்படித் தோல்வியில் முடிந்தால் யாருக்குத்தான் பெட்டியை இழுக்க மனம் வரும்? அவளிடம் ஆர்வம் எங்கே போனது என்று தேடுவதை விட, பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தைச் சரிசெய்வதுதான் வேலை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வாத்தியம். பழைய கம்பிகளைக் கழற்றிக் கொழும்பிலிருந்து புதுச் செட் வருவித்தோம். பிருடைகளைக் கழற்றித் துடைத்து, துளையில் உரசும் இடத்தில் சோக்கட்டியை மெல்லத் தடவினேன். சோக் பிடிமானம் தரும், காய்ந்த சவர்க்காரம் வழுக்கலைத் தரும். எது வேண்டும் என்பது காலநிலையைப் பொறுத்தது. அதோடு கம்பிகளின் கீழ் முனையைப் பிடிக்கும் வால்துண்டை, நாலு கம்பிக்கும் சிறு திருகாணி உள்ளதாகப் போட்டோம். இதன் பிறகு சிறு பிசகுகளுக்குப் பிருடையைத் தொடவே தேவையில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, அவள் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். இது சின்ன விடயமாகத் தெரியலாம். என் கணிப்பில் மற்ற முடிவுகள் எல்லாவற்றையும் விட இதுவே அதிகம் வேலை செய்தது.

இரண்டாவது, பரீட்சையைத் தள்ளிவைத்தோம். தாய் இதற்கு இலகுவில் இணங்கவில்லை. தகப்பன் தொலைபேசியில் கேட்பார், என்ன சொல்வது என்று கவலைப்பட்டார். வர்ணத்தின் இரண்டாம் காலமே நிற்காத நிலையில் விண்ணப்பித்தால் பிள்ளை பயத்தில் வாசிப்பாள், பயம் பரீட்சையோடு போய்விடும், அதோடு வயலினும் போகும் என்று சொன்னேன். கைத்தொலைபேசி வாக்குறுதியையும் விலக்கிக்கொள்ளச் சொன்னேன். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த பிரபலமான ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் தாமாகவே விருப்பம் கொண்டிருந்த பாலர்களில், பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தவர்கள் பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. ஒரு ஆய்வை வைத்து எல்லாப் பரிசும் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் வாசிப்பே பிழையாகக் கேட்கும் பிள்ளைக்கு முன்னால் பரிசை நீட்டினால், வாசிப்பு பரிசுக்குக் கொடுக்கும் விலையாகிவிடும்.

மூன்றாவது, நேரம். இரவு எட்டு மணிக்கு, ரியூசன் முடிந்து களைத்து வந்த பிறகு ஒரு மணித்தியாலம் என்பது வழமை. அதை எடுத்துவிட்டு, விடிய பாடசாலைக்கு ஆயத்தமாகும் முன் இருபது நிமிடம் என்று வைத்தோம். இருபது நிமிடம் போதுமா என்று தாய் கேட்டார். 1993இல் எரிக்சனும் சகாக்களும் பேர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அந்தச் சிறந்த மாணவர்கள் தனிப் பயிற்சியைப் பெரும்பாலும் காலையில் வைத்துக்கொண்டார்கள், இடையில் ஓய்வும் எடுத்தார்கள். அதை விட முக்கியமான ஒன்று: முன்னேற்றத்துக்குத் தனிப் பயிற்சி மிக அவசியம் என்று சொன்ன அதே ஆட்கள், அது இன்பமானது என்று உயர்த்திச் சொல்லவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்கே அப்படியென்றால், நம் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஆசையோடு வயலினை எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தாய்க்கு இது ஆறுதலாக இருந்தது. ‘விருப்பமில்லாத பிள்ளை’ என்ற பேச்சு அதன் பிறகு வீட்டில் குறைந்தது.

நான்காவது, என்ன வாசிப்பது. வர்ணத்தை முதலிலிருந்து வாசிப்பதை நிறுத்தினோம். முக்தாயி சுரத்தில் தடுக்கும் அந்த இடத்தை மட்டும், அரை ஆவர்த்தனம் (தாளச் சுற்றில் பாதி), முதற் காலத்தில், வில்லை ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக இழுத்து வாசிப்பது. பிறகு அதற்கு முன் வரும் இரண்டு சுரத்தைச் சேர்ப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வளர்த்தோம். எத்தனை நிமிடம் வாசித்தாள் என்று எழுத வேண்டாம், அன்றைக்கு என்ன சரியானது என்று கொப்பியில் ஒரு வரி எழுது என்றேன்.

ஐந்தாவது முடிவுக்கு அம்மப்பா காரணம். அவர் தினமும் விடியச் சாமியறையில் தேவாரம் பாடுபவர். திருஞானசம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகம் அவருக்கு மனப்பாடம். அதன் பண் புறநீர்மை, பூபாள ராகத்தில் பாடுவது வழக்கம். பூபாளமும் மோகனமும் ஐந்து சுரம் கொண்டவை. இரண்டிலும் ச ரி க ப த என்ற அதே சுரங்கள்தான். மோகனத்தின் ரி, க, த மூன்றையும் அரைச் சுரம் இறக்கினால் பூபாளம் வந்துவிடும். மோகனத்தில் ஊறிய கைக்கு இது புதிய வேலை, ஆனால் அந்நியமில்லை. முதலாம் விரலும் இரண்டாம் விரலும் தாம் பழகிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு வந்தால் போதும். இருபது நிமிடத்தில் பாதியை வர்ணத் துண்டுக்கும் மிச்சத்தை அம்மப்பாவின் தேவாரத்துக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதற்கும் ஒதுக்கினோம்.

சுருதியில் ஒரு சிக்கல் வந்தது. அம்மப்பாவின் சுருதி அவளுடையதை விடத் தாழ்ந்தது. ஒரே காலையில் இரண்டு சுருதிக்கு மாற்றுவது பிருடைக்கும் கூடாது, பிள்ளையின் பொறுமைக்கும் கூடாது. வயலினை அவருடைய சுருதிக்கே இறக்கி, வர்ணத் துண்டையும் அதிலேயே வாசிக்கச் சொன்னேன். கம்பி கொஞ்சம் தளர்ந்து ஒலித்தாலும், இழுவிசை குறைந்ததால் பிருடை வழுக்குவதும் குறைந்தது.

பிறகு நடந்தது

முதல் இரண்டு கிழமை எந்த அதிசயமும் நடக்கவில்லை. சில நாள் வாசித்தாள், சில நாள் நித்திரை. கொப்பியில் “ரி கீழே போகுது, பார்த்து வைச்சது”, “பிருடை பிரச்சினை இல்லை”, “வில் நேரா வந்தது, ஒரு தரம்” என்று வரிகள். ஒரு தரம் என்று நேர்மையாக எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மப்பாவோடு வாசிப்பது லேசாக இருக்கவில்லை. பாடப் பாட அவருக்குச் சுருதி ஏறிவிடும். “அம்மப்பா ஏத்திக்கொண்டு போறார் மிஸ், நான் என்ன செய்யிறது?” என்று முறைப்பாட்டோடு வந்தாள். சுருதிப் பெட்டியை அவருடைய காதுப் பக்கம் வைக்கச் சொன்னேன். அவரிடமும் கதைத்தேன். மனிதர் சங்கடப்படவில்லை, “பிள்ளை சொல்லட்டும், நான் இறங்கிறன்” என்றார். அதன் பின் வீட்டில் சுருதி விடயத்தில் அவளுடைய சொல்தான் முடிவு.

இங்கே ஒன்று நடந்தது. பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடுபவரைக் கேட்க வேண்டும். எங்கே மூச்சு விடுகிறார், எந்த அடியை நீட்டுகிறார், எங்கே திரும்பிப் பாடப் போகிறார் என்று காத்திருக்க வேண்டும். தன் பிழையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு வேறு வேலை கிடைத்தது. ஐப்பசியில் ஒரு வகுப்பில் வர்ணத் துண்டை வாசித்துவிட்டு, “இதில ரெண்டு இடம் பிழை, மற்றது சரி” என்றாள். எல்லாம் பிழை என்று சொன்னவள் இரண்டு இடம் என்று எண்ணத் தொடங்கியதை இந்த நிகழ்வின் திருப்பமாக நான் பார்க்கிறேன்.

பயிற்சி செய்தும் முன்னேற்றம் தெரியாத தேக்கநிலை பற்றி அவளோடு கதைத்ததும் அந்தக் காலத்தில்தான். 1890களில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தியில் வரும் மோர்ஸ் குறியீட்டுச் செய்தியைக் கேட்டு எழுதப் பழகுவோரைக் கவனித்தார்கள். பயிற்சி தொடர்ந்தும் வேகம் ஏறாமல் பல கிழமை நிற்கும் காலத்தைப் பதிவு செய்தார்கள். எழுத்துக்களைக் கேட்பது பழக்கமாகிச் சொற்களாகக் கேட்கத் தொடங்கும் வரை அப்படி நிற்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் சுரம் சுரமாக வாசித்த பிள்ளை பல சுரங்களை ஒரு சொல் போலச் சேர்த்து வாசிக்கத் தொடங்கும் முன் இப்படி நிற்பதை வகுப்பில் திரும்பத் திரும்பக் காண்கிறேன். இந்த முறை அவள் தலையாட்டியதோடு விடவில்லை, “அப்ப நான் எதைச் சொல்லாக் கேட்க வேணும்?” என்று கேட்டாள்.

இடையில் விழுந்த இடைவெளி

கார்த்திகையில் மழை, மூன்றாம் தவணைப் பரீட்சை, அதோடு அம்மப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று. காலைப் பயிற்சி அப்படியே நின்றது. மழை ஈரத்தில் மரம் பூரித்து, கச்சானில் வழுக்கிய பிருடை இப்போது அசைய மறுத்தது. சோக்கைத் துடைத்துவிட்டுக் காய்ந்த சவர்க்காரத்தைத் தடவினேன்.

தாய் பயந்தார். பழையபடி ஆகிவிட்டதென்று நான் எண்ணவில்லை. வகுப்பை நிறுத்தவில்லை, பயிற்சி செய்யாமலே வரச் சொன்னேன். செய்யாத பயிற்சியை வகுப்பிலேயே என் முன்னால் செய்தாள். வீட்டில் மனமில்லாத நாளுக்கு ஒரு ஒழுங்கு பேசிக்கொண்டோம்: பெட்டியைத் திறப்பது, சுருதி சேர்ப்பது, ஒரு சரளி வரிசையை நீள வில்லில் ஒரு முறை வாசிப்பது, மூடுவது. அதற்கு மேல் வாசித்தால் சரி, வாசிக்காவிட்டாலும் அன்றைய கணக்கு முடிந்தது. பல நாள் அவள் சரளியோடு மூடினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பெட்டி திறக்கும் பழக்கம் அறுபடவில்லை.

மார்கழியில் அம்மப்பா தேறி வந்தார். திருவெம்பாவை நாட்களில் அயலிலுள்ள கோயிலில் விடியப் பாடும் கூட்டத்தோடு அவளும் வயலினை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. கூட்டத்தில் சுருதி ஒன்றாக நிற்காது, மைக்கும் சரியில்லை. திரும்பி வந்து அதைப் பற்றித்தான் நிறையக் கதைத்தாள்.

இப்போதைய நிலை

தை மாதத்தில் முக்தாயி சுரம் இரண்டாம் காலத்தில் தடுக்காமல் வந்தது. எத்துகடை சுரங்களில் கடைசி இன்னும் முதற் காலத்தில்தான் நிற்கிறது. கிழமையில் ஐந்து நாள் அளவில் காலையில் வாசிக்கிறாள், சில கிழமை மூன்று நாள். இப்போது பதினோராம் ஆண்டு. சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகே சபைப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பது என்று தானே முடிவெடுத்துத் தகப்பனுக்கும் தானே சொல்லியிருக்கிறாள். தாய்க்கு இதில் முழுத் திருப்தி இல்லை, ஒரு வருடம் வீணாகிறது என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. வயலினை விற்கும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

இனி மாற்றிச் செய்பவை

வர்ணம் தொடங்கும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே அதைத் துண்டுகளாகக் கொடுக்கிறேன். ஒவ்வொரு துண்டும் முடிந்ததாகக் கொப்பியில் குறிக்கப்படும். வர்ணத்தோடு ஒரு சிறு பாடலும் எப்போதும் கையில் இருக்கும், இரண்டு கிழமையில் முடிக்கக்கூடியதாக. பயிற்சி குறைகிறது என்று கேள்விப்பட்டால் பிள்ளையோடு கதைப்பதற்கு முன்பே வீட்டுப் பயிற்சியின் தொடக்கத்தைப் பார்க்கிறேன். போக முடியாத இடத்துக்குத் தாயிடம் கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறேன், பெட்டியைத் தேடும் இடத்திலிருந்து.

எல்லாப் பிள்ளைக்கும் இதே வழி பொருந்தாது. இதே வருடத்தில் மிருதங்கம் பழகும் ஒரு பையன் பயிற்சியை விட்டபோது காரணம் மணிக்கட்டு வலியாக இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது வைத்தியரும் ஓய்வும்தான். நித்திரை, சாப்பாடு, நண்பர்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் பிள்ளை விலகினால் அது இசை ஆசிரியர் தீர்க்கும் விடயம் இல்லை. பெற்றோரிடம் உடனே சொல்லி, வைத்தியரிடமோ உளவள ஆலோசகரிடமோ அனுப்ப வேண்டும்.

வாத்தியப் பரிசோதனையை இப்போது வருடத்துக்கு இரண்டு முறை வைத்திருக்கிறேன்: கச்சான் தொடங்கும் முன் சித்திரையில், மழை தொடங்கும் முன் புரட்டாதியில். பிருடை, கம்பி, வில் மயிர், பிரிட்ஜ் நிற்கும் கோணம் எல்லாவற்றையும் அன்றைக்குப் பார்ப்போம். பிருடையைத் தள்ளித் திருப்பும் முறையைப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே பழக்குகிறேன். வீட்டில் கம்பி தளர்ந்தால் யாரையும் எதிர்பார்க்காமல் தாமே ஏற்ற அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.